எங்கள் வீட்டு மாடியில் ஒரு வானொலி நிலையம்

பேசுவது எளிது, கேட்பதுதான் கடினம். "அமைதி, அமைதி" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போகும் எங்கள் சிஸ்டர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். திருவள்ளுவரும் கேள்விக்கென்று தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். அந்தக் கேள்விச் செல்வத்தை நாங்கள் கற்றது பாடப் புத்தகத்தில் அல்ல. காயல்பட்டினத்தில், எங்கள் வீட்டு மாடியறையில், கரகரவென்று இரையும் ஒரு பழைய வானொலிப் பெட்டியின் முன்னால்.

நாங்கள் என்றால் இருவர். பத்தாம் வகுப்பில் ஒருத்தி. எட்டாம் வகுப்பில் அவள் தங்கை. எங்கள் குரு, உம்மாவின் வாப்பா. அவரை நாங்கள் அப்பா என்றே அழைப்போம். கப்பலில் வயர்லெஸ் அதிகாரியாகப் பல ஆண்டுகள் உழைத்தவர். ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலிக்கு அரசாங்க உரிமம் பெற்று, கரையில் இருந்தபடியே பல நாட்டாரோடு உறவாடியவர். கண்பார்வை மங்கியதும் பெட்டிகள் எல்லாம் பரணுக்குப் போய்விட்டன. உரிமத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தார்.

2023 டிசம்பர் 17-ஆம் நாளை எங்கள் ஊர் மறக்காது. அன்று தொடங்கிய மழை 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. ஓராண்டு மழை ஒரே நாளில் பெய்தது என்றால் மிகையாகாது. மின்சாரம் நின்றது. கைப்பேசிகள் ஊமையாயின. சாலைகள் துண்டிக்கப்பட்டன. அன்று காலைதான் எங்கள் வாப்பா வேலையாக ஸ்ரீவைகுண்டம் பக்கம் போயிருந்தார். அங்கே சென்னை ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்ற செய்திகூட எங்களுக்குப் பிறகுதான் தெரியும். மூன்று நாட்கள் ஒரு சேதியும் இல்லை. உம்மா தொழுகைப் பாயை விட்டு எழவில்லை. நான்காம் நாள், முழங்கால் வரை சேற்றோடு வாப்பா வாசலில் வந்து நின்றார். யாரோ முன்பின் தெரியாத ஒருவர் தம் வீட்டு மாடியில் இடம் கொடுத்துச் சோறும் போட்டாராம்.

அன்றிரவு அப்பா சொன்னார்: "லைசென்ஸ் இருந்துச்சு, நிலையம் இல்லாமப் போச்சே!"

"இருந்தால் வாப்பாவைக் கண்டுபிடித்திருப்பீர்களா, அப்பா?" என்று கேட்டோம்.

"அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பக்கமும் ஒருத்தர் செட்டோட இருக்கணும். ஆனா இந்தத் தெரு எப்படி இருக்குன்னு வெளியூருக்குச் சொல்லியிருக்கலாம்."

பிறகு அவர் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார். பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலியாளர் 2004 டிசம்பரில் அந்தமானுக்குச் சென்று போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்து, உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தார். 26-ஆம் நாள் பூமி அதிர்ந்தது, சுனாமி வந்தது, தொலைபேசிகள் செயலிழந்தன. அவரும் அவருடைய குழுவினரும் கருவிகளை உடனே மீட்பு வேலைக்குத் திருப்பி, தீவில் தவித்தவர்களைப் பற்றிய செய்திகளை நாட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாளே பரணுக்கு ஏணி வைத்தோம்!

வால்வு ரிசீவர் ஒன்று, பித்தளையாலான மோர்ஸ் சாவி ஒன்று, கப்பல் கடிகாரம் ஒன்று கிடைத்தன. எங்களுக்கு அவசரம். அப்பா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் ரிசீவரின் தூசியைத் துடைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டோம். முதலில் மஞ்சள் விளக்கு. அடுத்து 'டப்' என்று ஒரு சத்தம். அறை முழுவதும் புகை! வந்து பார்த்த அப்பா ஏசவில்லை. ஆனால் அன்று முழுவதும் எங்களோடு பேசவும் இல்லை. ஏச்சே மேல் என்று தோன்றியது.

மறுநாள் அவரே விளக்கினார். பல ஆண்டு சும்மா கிடந்தால் கண்டென்சருக்குள் இருக்கும் திரவம் உலர்ந்துவிடும். அவற்றை மாற்றிய பின், மின்அழுத்தத்தைச் சிறிது சிறிதாகவே ஏற்ற வேண்டும். வால்வுப் பெட்டிக்குள் 250 வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகையால் பெரியவர்கள் துணையின்றி மூடியைத் திறக்கவே கூடாது. தோழியரே, இதை நீங்களும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது ஏரியல். 143-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கம்பியின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டர். அதை நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக மொட்டை மாடிக்கும் தென்னைக்கும் இடையே கட்டினோம். இந்த அலை மேலே போய், வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மழைபோல் இறங்கும். உப்புக்காற்று செம்பை அரிக்கும் என்பதால் இணைப்புகளுக்கு ஈயம் பற்றவைத்து மூடினோம்.

பழைய பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். வெள்ளத்தில் அது உதவாது. ஆகவே வாப்பா 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறிய புதுச் செட் ஒன்றும், சூரிய ஒளித் தகடும் வாங்கித் தந்தார். கணினியில் செருகினால் வானொலி அலைகளைப் படமாகவே காட்டும் பெருவிரல் அளவுக் கருவியும் வந்தது. அந்தப் படத்தில் ஓயாத இரைச்சல்! வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம். அடுக்களை எல்.இ.டி. பல்புதான் குற்றவாளி. உம்மா அதை மாற்றச் சம்மதிக்க இரண்டு நாளாயிற்று.

ஒரு மாலை அப்பா தம் பழைய சாவியைப் புதுச் செட்டில் இணைத்தார். தேநீர்க் குவளையைப் பிடிக்கையில் நடுங்கும் அந்தக் கை, சாவியில் பட்டதும் நிலைத்து நின்றது. பொது அழைப்பு அனுப்பினார். பதில் இல்லை. மீண்டும் அனுப்பினார். மெல்லிய கீச்சொலி ஒன்று வந்தது. கொழும்பு! சுமார் 260 கிலோமீட்டர் கடலுக்கு அப்பாலிருந்து ஓர் அந்நியர், எங்கள் சைகை தெளிவாகக் கேட்கிறது என்றார். அப்பாவின் தகப்பனார் மாணிக்கக்கல் வியாபாரத்துக்காகத் தோணியேறிப் போன ஊர் அது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சாவியைத் தொட எங்களுக்கு இன்னும் உரிமை இல்லை. பன்னிரண்டு வயது நிறைந்தவர்கள் தேர்வெழுதி உரிமம் பெறலாம். மோர்ஸ் இல்லாத எளிய பிரிவும் உண்டு. ஆனால் நிமிடத்துக்கு எட்டுச் சொற்கள் வேகத்தில் மோர்ஸ் தெரிந்தால் கிடைக்கும் பொதுப் பிரிவே எங்கள் இலக்கு. பொதுத் தேர்வு முடிந்ததும் விண்ணப்பிப்போம்.

இப்போது அந்தக் கப்பல் கடிகாரம் சுவரில் ஓடுகிறது. அதன் முகத்தில் 15 முதல் 18 வரையும், 45 முதல் 48 வரையும் சிவப்புப் பட்டை இருக்கும். அந்த நிமிடங்களில் எல்லாக் கப்பல்களும் 500 கிலோஹெர்ட்ஸில் பேச்சை நிறுத்தி, ஆபத்தில் இருப்பவனின் மெல்லிய குரலுக்காகச் செவிசாய்க்க வேண்டும் என்பது சட்டம். 1999-இல் புதிய முறை முழுமையாக வந்து கப்பலில் மோர்ஸ் விடைபெற்றது. எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சட்டம் இன்னும் நடப்பில் உள்ளது. தினமும் மாலை 5.45-க்கு மூன்று நிமிடம் வாய் மூடி, செட்டின் முன் உட்காருகிறோம். உம்மாவும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்துவிடுவார். பேட்டரி இப்போது மாடியில், தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கிறது.