மைல்கள் யாருக்கு உரியவை?

உம்ரா குழுக்களின் வழிகாட்டியாகச் சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு ஒன்பது முறை பறந்திருக்கிறேன். பயணச்சீட்டுப் பணம் குழுவினருடையது. மைல்களோ பறந்தவன் என்பதால் என் பெயரில் சேர்ந்தன. சென்ற மாதம் அவை ஓர் இலவசச் சீட்டுக்குப் போதுமானவையாயின. அடுத்த குழுவுடன் மனைவியையும் அழைத்துச் செல்லலாம் என்றேன். "அது நமக்கு ஹலாலாங்க?" என்றாள்.

ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா, தமக்கு வந்த அன்பளிப்பைத் தனியே எடுத்துவைத்தபோது, பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது வந்திருக்குமா என நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துபவன் நான். எனக்கு உறைக்கவில்லை. (ஜெர்மனியின் தொழிலாளர் உச்ச நீதிமன்றம்கூட 2006இல், முதலாளியின் செலவில் ஈட்டிய மைல்கள் முதலாளிக்கே என்று தீர்ப்பளித்துள்ளது.)

என் உஸ்தாதைக் கேட்டேன். பணம் கொடுத்தவர்கள் அறிந்து பொருந்திக்கொண்டால் கூடும் என்றார். பழைய பட்டியல்களை எடுத்து ஒவ்வொருவராக அழைத்தேன். பலர் சிரித்தனர். ஒரு பெரியவர், "மீகாத் வந்ததும் என்னைத் தட்டியெழுப்பி நிய்யத் வைக்கச் சொன்னீங்களே ஹஜ்ரத், அதுக்கே நான் கடன்பட்டிருக்கேன்" என்றார்.

ஒருவர் வஃபாத்தாகிவிட்டார். அவருடைய வாரிசுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மைல்கள் காலாவதியாக இன்னும் இரு மாதங்கள் உள்ளன.