வாப்பாவின் புள்ளிகள்

சென்ற வருடம் டிசம்பரில் லீவில் வந்திருந்த வாப்பா, தன் பாஸ்போட்டைப் போட்டோ பிரதி எடுத்து வரும்படி என்னிடம் தந்தார். உறையைக் கழற்றியபோது உள்ளே எழுத்து மங்கிய ஒரு பிளாஸ்டிக் அட்டை இருந்தது. ஒரு விமான நிறுவனத்தின் பெயர், வாப்பாவின் பெயர், நீளமான ஓர் இலக்கம். அவ்வளவுதான்.

"இது என்ன வாப்பா?"

"அது சும்மா மகள். எங்கட கொம்பனில ஒரு மலையாளி எழுதித் தந்த. டிக்கட் போடக்குள்ள அந்த நம்பரச் சொன்னா பொயின்ட் சேருமாம். சேந்து என்னத்த வரப்போகுது?"

வாப்பா கட்டாரில் லிப்ட் திருத்துபவர். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது போனவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். இடையில் அவருடைய கொம்பனி அவரைக் குவைத்துக்கும் மஸ்கட்டுக்கும் அனுப்பும். ஏதாவது ஹோட்டலில் லிப்ட் நின்றுவிட்டால் அன்றிரவே பறக்கவேண்டும். அந்தக் கதைகளைக் கேட்க எங்களுக்குப் பெருமையாக இருக்கும். ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போகவே நான் உம்மாவிடம் இரண்டு நாள் கேட்கவேண்டும்.

அட்டை கிடைத்த இரவு, இஷா தொழுகை முடிந்த பிறகு, வாப்பாவின் போனிலேயே அந்தக் கணக்கைத் திறந்தேன். கடவுச்சொல்லை அவர் எப்போதோ மறந்துவிட்டார். மின்னஞ்சலுக்குப் புதியது வரவழைக்க அரை மணித்தியாலம் போனது. திறந்ததும் மேலே 19,310 என்று இருந்தது. வாப்பாவுக்குச் சிரிப்பு. "பாத்தியா, சேந்துதான் இரிக்கி" என்றார். பிறகு அவர் உறங்கப் போய்விட்டார். நான் கணக்கின் பழைய பக்கங்களைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனேன். அங்கே ஒரு வரி: 2022 செப்டம்பர், காலாவதியானவை, 22,640.

அந்த வருடம் ஜூன் மாதம் எங்கள் மூத்தம்மா, வாப்பாவின் உம்மா, மௌத்தானார்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம். சுபஹுக்கு முன் மூத்தம்மாவின் மூச்சு நின்றது, அஸருக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்தார்கள். மையவாடியில் சாச்சா போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, வாப்பா டோஹாவில் தன் அறையில் இருந்து பார்த்தார். இடையிடையே படம் உறைந்துவிட்டதாம். நாங்கள் பெண்கள் வீட்டில் இருந்தோம். இதையெல்லாம் சாச்சா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜனாஸாவுக்கு எந்த விமானத்தில் ஏறினாலும் வாப்பா வந்து சேர்ந்திருக்க மாட்டார். ஆனால் மூத்தாப்பா இருந்தார். அறுபது வருடம் கூட இருந்தவர் போன பிறகு அந்த மனிசன் மூன்று நாள் கஞ்சிகூடச் சரியாகக் குடிக்கவில்லை. "அவன் எப்ப வாறான்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். உலகக் கிண்ணப் போட்டிக்கு இன்னும் ஐந்து மாதம். கட்டாரில் எழும்பிய கட்டிடங்களுக்கெல்லாம் லிப்ட் பூட்டும் நேரம். இருந்தும் கொம்பனி ஐந்து நாள் லீவு கொடுத்தது. டிக்கட் கொடுக்கவில்லை. வாப்பா விசாரித்தபோது போய்வர இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபா சொன்னார்கள். மார்ச் மாதம் வரை இருநூறு ரூபாவாக இருந்த டொலர் முந்நூற்று அறுபதுக்குப் போயிருந்தது. உம்மா ரூபாவில் கணக்குப் பார்த்துப் பயந்தார். வாப்பா ரியாலில் பார்த்தார். அதுவும் ஒரு மாதச் சம்பளம். கையிலிருந்த காசையெல்லாம் ராத்தாவின் வீட்டுக்குக் கொங்கிரீட் போட முந்திய மாதம்தான் அனுப்பியிருந்தார். வாப்பா வரவில்லை.

அந்த வாரம் முழுவதும் அவருடைய பெயரில் 22,640 புள்ளிகள் கிடந்திருக்கின்றன.

அவற்றுக்கு என்ன பெறுமதி என்று அறியாமல் என்னால் இருக்க முடியவில்லை. உயர்தரத்தில் நான் வர்த்தகப் பிரிவு. பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் படிக்கிறாள் என்று உம்மாவிடம் ஏச்சும் வாங்கினேன்.

முதலில் விளங்கவைத்தவர் பக்கத்து வீட்டு அன்ரி. அவருடைய மகன் சூரிச்சில் இருக்கிறார். "எங்கட தம்பி அவன்ட பொயின்ட்டிலதான் பிள்ளை என்னைக் கூப்பிட்டவன். சேத்தது சுவிஸ் பிளேன்ல. நான் போனது துருக்கிப் பிளேன்ல" என்றார். ஒரு நிறுவனத்தில் சேர்த்ததை இன்னொரு நிறுவனத்தில் செலவழிக்கலாம், அதுவும் வேறோர் ஆளுக்காக என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். சுவிஸும் டேர்கிஷும் ஸ்டார் அலையன்ஸ் என்ற ஒரே கூட்டணியில் இருக்கின்றன.

உம்மாவுக்கு நான் இப்படிச் சொன்னேன்: இ.போ.ச. சீசன் டிக்கட்டைக் காட்டினால் தனியார் பஸ்காரரும் ஏற்றிக்கொள்வார் என்று வையுங்கள். பிறகு அவர்களுக்குள் காசைப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். உம்மா, "அப்படி ஏத்தினா நல்லதுதானே, கல்முனை ரோட்டில நீ எவளவு நேரம் நிக்கிற" என்றார். நான் சொல்லவந்ததை விட்டுவிட்டு அவர் பஸ்ஸைப் பற்றியே யோசித்தார். ஆனால் உவமை சரியானதுதான். ஒரு நிபந்தனையையும் சேர்க்கவேண்டும்: அந்தத் தனியார் பஸ்ஸில் சீசன்காரருக்கென்று இரண்டு மூன்று ஆசனங்கள்தான். அவை நிறைந்துவிட்டால் பஸ் வெறுமையாகப் போனாலும் ஏறமுடியாது.

இந்தப் புள்ளி வியாபாரம் 1981இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தொடங்கிய திட்டத்தோடுதான் உலகில் பரவியது. 1999இல் அந்த நிறுவனமும் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் முதலான வேறு நான்கும் சேர்ந்து வன்வேர்ல்ட் என்ற கூட்டணியை அமைத்தன. அதில் கட்டார் எயார்வேய்ஸ் 2013இலும், எங்கள் ஸ்ரீலங்கன் 2014 மே முதலாம் திகதியும் சேர்ந்தன. சவூதியா ஸ்கைடீம் என்ற இன்னொரு கூட்டணியில் இருக்கிறது. எமிரேட்ஸ் எதிலும் இல்லை. தனக்கு வேண்டியவர்களோடு மட்டும் தனித்தனியாக ஒப்பந்தம் வைத்திருக்கிறது. காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் வளைகுடாவுக்கு ஆள் போகாத ஒழுங்கை இல்லை. எல்லாரும் ஏஜென்சிக்காரர் மலிவாகப் போட்டுத் தரும் டிக்கட்டில், இந்த முறை ஒன்று அடுத்த முறை இன்னொன்று என்று பறக்கிறவர்கள். கூட்டணி எது என்று தெரிந்தால், ஒரே கூட்டணி விமானங்களில் பறந்ததையெல்லாம் ஒரே கணக்கில் சேர்க்கலாம். ஒரு பயணத்தை ஒரு கணக்கில் மட்டுமே சேர்க்க முடியும் என்பதால், முதலிலேயே எதில் சேர்ப்பது என்று தீர்மானித்துவிடவேண்டும். எங்கள் ஒழுங்கையில் விசாரித்துப் பார்த்தேன். பதினொரு வீட்டில் ஒரு வீட்டிலும் இலக்கம் இல்லை.

வாப்பாவின் கணக்கை வரி வரியாகப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. டோஹாவிலிருந்து கொழும்புக்கு அவர் லீவில் வந்த நீண்ட பயணத்துக்கு ஒரு தடவை மிகச் சொற்பப் புள்ளி. இன்னொரு தடவை பூச்சியம். குவைத்துக்கு ஒரு மணித்தியாலச் சொச்சம் பறந்ததற்கு அதைவிடப் பலமடங்கு. தூரத்தைப் பொறுத்துத்தான் புள்ளி என்று நினைத்திருந்தேன். இல்லை. டிக்கட்டில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், அது எந்த விலைத் தரத்தில் வாங்கிய டிக்கட் என்பதைக் காட்டும். தொழிலாளருக்கு மொத்தமாக வாங்கும் மலிவு டிக்கட்டின் எழுத்துக்குப் புள்ளி குறைவு, அல்லது இல்லவே இல்லை. லிப்ட் நின்றுவிட்டதே என்று அவசரமாக முழு விலை கொடுத்து வாங்கிய டிக்கட்டுக்குத்தான் நிறையப் புள்ளி. ஆக, எங்களிடம் வந்துபோன பயணங்களில் வாப்பா ஒன்றும் பெரிதாகச் சேர்க்கவில்லை. யாருடைய ஹோட்டலிலோ பழுதான லிப்ட்டுகள்தான் அந்த 22,640ஐயும் சேர்த்துக் கொடுத்தன.

கணக்கீட்டுப் பாடத்தில் பொறுப்பு என்றால் என்ன என்று நாங்கள் படிக்கிறோம். பயணிகள் இன்னும் பாவிக்காத புள்ளிகளை விமான நிறுவனம் தன் ஐந்தொகையில் பொறுப்பாகக் காட்டவேண்டும். அது அவர்கள் தரவேண்டிய கடன். பாவிக்கப்படாமலே போகும் என்று மதிப்பிடுகிற பகுதி வருமானக் கணக்குக்குப் போய்விடும். இதை வாசித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. யாரோடு கோபிப்பது? திகதியைக் குறிப்பிட்டு அவர்கள் இரண்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். இரண்டும் திறக்கப்படாமல் கிடந்தன.

இன்னும் வருத்தியது வேறு. அவசரத்தில் டிக்கட் வாங்கப்போனால் காசு விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறும். ஆனால் கூட்டாளி விமானத்தின் புள்ளி இருக்கைக்குப் பல திட்டங்களில் தூரத்தைப் பொறுத்த ஒரே அளவுதான். நாளைக்குப் பறந்தாலும், ஆறு மாதம் கழித்துப் பறந்தாலும். விமானம் புறப்பட ஒன்றிரண்டு வாரம் இருக்கையில், விற்காத இருக்கைகளைப் புள்ளிக்காரருக்குத் திறந்துவிடுவதும் உண்டு. மௌத்துச் செய்தி வரும் நேரத்தில்தான் புள்ளிக்குப் பெறுமதி அதிகம். நாங்கள் தேடிப் பார்த்தபோது டோஹாவிலிருந்து கொழும்புக்கு ஒருவழிக்கு 17,500 புள்ளியும் விமான நிலைய வரியும் காட்டியது. போகிறதற்கு மட்டும் காசு தேடினால் போதுமாக இருந்திருக்கும். அந்த வாரம் ஓர் இருக்கை திறந்திருந்ததா என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. நான் திறந்திருக்கவில்லை என்று நினைக்கப் பார்ப்பேன். சில இரவுகளில் அது முடியாது.

உம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். "அதச் சொல்லாத மகள். அவர் அங்க தனியாக் கிடக்கிற மனிசன்" என்றார்.

ஜனவரியில் வாப்பா திரும்பிப் போனார். ராத்தாவின் நிக்காஹ் ஓகஸ்ட் மாதம் என்று முடிவானது. ஓகஸ்டில் டிக்கட் விலை ஏறும் என்பது எல்லாருக்கும் தெரியும். வாப்பாவே போன் பண்ணி, "மகள், அந்தப் பொயின்ட்டில எனக்கு வரேலுமா என்டு பாரு" என்றார்.

மே மாதத்திலிருந்து தேடினேன். வாப்பாவின் அட்டை எந்த நிறுவனத்தினுடையதோ அதன் விமானங்களில் ஒரு புள்ளி இருக்கையும் இல்லை. கூட்டாளி நிறுவனத்தில் ஒரு புதன்கிழமை இரவு இருந்தது. அழுத்தினால் பெயர் பொருந்தவில்லை என்று வந்தது. முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பது எங்கள் வகுப்பு இடாப்பைப் பார்த்தாலே தெரியும். அந்த மலையாளி ஒரு விதமாக எழுதியிருந்தார். பாஸ்போட்டில் இன்னொரு விதம். பிரதி அனுப்பித் திருத்த பதினொரு நாள் எடுத்தது. அதற்குள் புதன்கிழமை போய்விட்டது. பிழை எங்கள் பக்கமும் இருக்கிறது, அதனால் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அதன்பிறகு சுபஹுக்கு எழும்பியதும் முதல் வேலை அந்தப் பக்கத்தைப் பார்ப்பதுதான். ஆறாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை திறந்திருந்தது. வாப்பாவை லைனில் வைத்துக்கொண்டே பதிவு செய்தேன். வரியை அவர் தன் காட்டில் கட்டினார். 19,310இல் மிச்சம் 1,810.

டிக்கட் வந்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

"பழசு கொஞ்சம் இரிந்திச்சி என்டு நினைக்கன். கொவிட்டுக்கு முந்தி நான் குவைத்துக்கு எத்தினதரம் போன. அதெல்லாம் எங்க?"

"முடிஞ்சிட்டு வாப்பா. திகதி போயிட்டு."

"எப்ப?"

உம்மா கதவடியில் நின்றார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "இரண்டாயிரத்து இருபத்திரண்டு, செப்டம்பர்."

அந்தப் பக்கம் ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. லிப்ட்டுக்கு எத்தனை பேர் பாரம், கம்பி எவ்வளவு தாங்கும் என்று நாள் முழுக்கக் கணக்குப் பார்க்கிறவர். ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் எத்தனை மாதம் என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"எவளவு கிடந்திச்சி மகள்?"

சொன்னேன்.

"காணுமா இரிந்திச்சா?"

"வாறத்துக்குக் காணும்."

கொஞ்ச நேரம் கழித்து, "வாப்பாட நம்பரையும் பாஸ்வேட்டையும் உம்மாக்கும் எழுதிக் குடு. நீ நாளைக்குக் கெம்பஸுக்குப் போயிருவாய்" என்றார். பிறகு மூத்தாப்பா சாப்பிட்டாரா என்று கேட்டார்.

ஓகஸ்டில் வாப்பா வந்தார். கட்டுநாயக்கவுக்கு வேனில் போகவர இரண்டு இரவு. வாவிக்கு அந்தப் பக்கம், திமிலைதீவில் சர்வதேச விமான நிலையம் என்று பெயர்ப்பலகை இருக்கிறது. ஆனால் டோஹா விமானம் அங்கே இறங்குவதில்லை, வேன்காரரும் புள்ளி வாங்குவதில்லை. நிக்காஹுக்கு முதல் நாள் வாப்பா மூத்தாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு மையவாடிக்குப் போய்வந்தார்.

அந்த இலக்கம் இப்போது எங்கள் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில், மின்சாரக் கணக்கிலக்கத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் உம்மா தன் கையெழுத்தில் மிச்சம் 1,810 என்றும், அது முடியும் திகதியையும் எழுதியிருக்கிறார்.