மூன்றாவது தகடு

பட்டறை வாயிலில் நின்ற இளைஞனிடம் ஏழாண்டுத் தொழிற்பயிற்சியை நிறைவுசெய்தமைக்கான பத்திரம் இல்லை. ஆண்டு 1789, இடம், இலண்டனில் பூட்டுச் செய்வதில் பேர்பெற்ற யோசப் பிராமாவின் தொழிற்கூடம். பன்னிரண்டு வயதில் வூல்விச் படைக்கலச்சாலையில் தோட்டாக்களுக்கு மருந்து நிரப்பத் தொடங்கிய ஹென்றி மோட்ஸ்லியே அவ்விளைஞன். தேய்ந்து கிடந்த பழைய பிடிகருவி ஒன்றை மாலை மணி அடிக்குமுன் செப்பனிட்டுக் காட்டி அவன் அங்கு இடம்பெற்றான் என்பர்.

விரைவிலேயே பட்டறைக்குத் தலைமை தாங்கினான். எனினும் வாரம் 30 சிலிங்குக்கு மேல் கூலி கேட்டபோது மறுக்கப்படவே, 1797இல் தனிப் பட்டறை அமைத்தான். நவீன இயந்திரத்தொழில் அம்மறுப்புக்கு ஓரளவு கடன்பட்டதே.

அப்பட்டறை ஒரு கல்விக்கூடமாகவும் விளங்கிற்று. தொழிலாளர் தம் வேலையின் செம்மையைத் தாமே சோதிக்கும்பொருட்டு மேசைகளில் சமதளத் தகடுகள் வைக்கப்பட்டிருந்தன. ஆனால் அத்தகடே சமமானதென்று எங்ஙனம் துணிவது? இரு தகடுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தல் போதாது. ஒன்று குவிந்தும் மற்றையது குழிந்தும் இருப்பினும் அவை இடைவெளியின்றிப் பொருந்திவிடும். மூன்றாவது தகடு வேண்டும். மூன்றும் இரண்டிரண்டாக, எப்பக்கம் திருப்பினும் பொருந்துமாயின், அவை சமதளமேயன்றி வேறாக இருத்தல் இயலாது. அளவுகோலின் துணையின்றிப் பொறுமையால் மட்டும் எய்தும் செம்மை இது. கலைப்பீடத்தில் தருக்கம் பயில்வோர் இதனிலும் அழகிய நிறுவலைக் காண்பது அரிது.

ஐயம் எழுந்தால் தீர்ப்பளிக்க, அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கை அளக்கும் நுண்மானி இருந்தது. நாட்டின் தலைமை நீதிபதிப் பதவியின் பெயரால் அதனை ‘லோர்ட் சான்சலர்’ என்று அவர் அழைத்தார்.

பணம் கொடுத்துப் பயில வந்த செல்வர் வீட்டுப் பிள்ளைகளால் மனம் சலித்த மோட்ஸ்லி, பிற்காலத்தில் மாணவரைச் சேர்ப்பதை நிறுத்தியிருந்தார். 1829இல் வந்த யேம்ஸ் நாஸ்மித்துக்கும் அதே விடைதான். ஆயினும் அவன் தன் கையாற் செய்து கொணர்ந்த நீராவி இயந்திர மாதிரியைக் கண்டதும், உதவியாளனாக அமர்த்திக்கொண்டார்.

நாஸ்மித்துக்கு முன்னரே, 1825இல், அங்கு வேலைக்குச் சேர்ந்தவர் யோசப் விற்வேர்த். பட்டறைக்கொரு புரியாகத் திருகாணிகள் செய்யப்பட்ட காலத்தில், 55 பாகைக் கோணமுடைய பொதுப்புரியை 1841இல் முன்வைத்தவர் அவரே.

எழுதுவதே கல்வி, அரம் பிடிப்பது வெறும் பிழைப்பு என்று கருதும் பெற்றோர் யாழ்ப்பாணத்தில் இன்றும் குறைவல்லர். விற்வேர்த் 1868இல், ஆண்டுக்கு 100 பவுண் பெறுமதியான 30 புலமைப்பரிசில்களை நிறுவினார். அவற்றை நாடியோர் விஞ்ஞானப் பாடங்களில் மட்டுமன்றி, கருவி பிடித்து வேலைசெய்யும் திறனிலும் தேர்வெழுத வேண்டியிருந்தது. பின்னையதற்கு விடைத்தாள் உலோகமே.