ஃபேனுக்கு வழி விடுங்க!

சுவர் காலியாக இருந்தால் நம் வீடுகளில் யாருக்கும் பொறுக்காது. காலண்டராவது மாட்டியாக வேண்டும். எங்கள் மாடி அறைக்கு இப்போது அடித்திருப்பது ஷெல்ஃப் யோகம்!

8-க்கு 10 அறை. அப்பாவின் 'ஒர்க்‌ஷாப்'. ரிட்டயரான பிறகு பேரன் பேத்திகளுக்கு மர யானை, நடைவண்டி என்று செய்து தள்ளுகிறார். ரம்பம், உளி, இழைப்புளி, ஆணி டப்பா எல்லாம் தரையில்தான். உள்ளே நடக்கப் பரதநாட்டியம் தெரிந்திருக்க வேண்டும்!

ஷெல்ஃப் போட வாகாக இருப்பது ஒரே ஒரு சுவர். அதில்தான், மேலே நடுவில், 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன்.

கார்பென்டர் டேப்பை நீட்டிப் பார்த்தார். "ஃபேனைக் கழட்டி ஓட்டையை அடைச்சிட்டா ரெண்டு தட்டு கூடுதலாக் கிடைக்கும் சார்" என்றார். என் மனைவி முகத்தில் பிரகாசம். அந்த இரண்டு தட்டிலும் கொலு பொம்மைப் பெட்டிகளை மானசீகமாக ஏற்றியே விட்டாள்!

அப்பாவுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் சட்டைப் பையிலேயே இருக்கும். மரத்தூள் வெளியே போக அந்த ஃபேன்தான் வழி. அதை எடுத்தால் உளியையும் அவர் கையிலிருந்து பிடுங்கியாக வேண்டும். அப்புறம் அவருக்கு டி.வி. சீரியல்தான் கதி. அதற்கு ஆஸ்துமாவே தேவலை!

"ஏம்மா, ரெண்டு தட்டு வேணுமா... மாமனார் வேணுமா?" என்றார் அப்பா சிரித்துக்கொண்டே.

அவள் யோசித்த அந்த இரண்டு விநாடி இருக்கிறதே... எனக்கே மூச்சு நின்றுவிட்டது! பிறகு கார்பென்டரிடம் அவளே சொன்னாள்: "ஃபேன் பக்கத்துல ஆணிகூட அடிக்காதீங்க."

அப்பா உற்சாகமாகிக் காலண்டர் தாளின் பின்புறம் கணக்குப் போட்டார். "ரூம் உயரம் 10 அடி. மொத்தம் 800 கன அடி காத்து. மணிக்குப் பத்து தடவை மாறணும்னா நிமிஷத்துக்கு 133 கன அடி வெளியே போகணும். ஃபேன் முன்னாடி சாமானை அடுக்கினா எப்படிடா போகும்? போற அளவுக்கு உள்ளேயும் வரணும். எதிர்ப்பக்கக் கதவுக்கு அடியில இடைவெளி விடு!"

கடைசியில் ஷெல்ஃப் 'ப' வடிவில் அமைந்தது. ஃபேனுக்கு இடது, வலது, கீழே மூன்று பக்கமும் தட்டுகள். சுற்றிலும் ஓர் அடி காலி. ஏணி போட்டு இறக்கையில் படியும் தூசியைத் துடைக்கவும் இடம் இருக்கிறது. கனமான சாமான்கள் அடித்தட்டில்.

தின்னர் டின்னுக்கு மட்டும் உள்ளே இடமில்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனம்; தரையோடு தேங்கும். மேலே சுற்றும் ஃபேனுக்கு அது சரியாக எட்டாது. எங்காவது ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். எனவே வார்னிஷ் வேலை மொத்தமும் மொட்டை மாடிக்கு.

கொலு பொம்மைப் பெட்டிகளா? என் கட்டிலுக்கு அடியில்! அங்கே காற்று வருகிறதா என்று கணக்குப் போட இந்த வீட்டில் ஆள் இல்லை.