ஆயாவுக்குப் போட்ட கார்டும் ஏழு லேயரும்

நெட்வொர்க்ஸ் பேப்பர்னாலே வயித்தைக் கலக்குதா? ஓ.எஸ்.ஐ. மாடலோட ஏழு லேயரையும் வரிசையா சொல்லச் சொன்னா நாலாவதிலேயே நாக்கு ஒட்டிக்குதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதைப் புரிய வெச்சது ஐம்பது காசு போஸ்ட் கார்டு!

2003-ல் கீழ்பென்னாத்தூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்தேன். வீட்டில் போன் கிடையாது. ‘போனதும் ஒரு கார்டு போடுடா’னு ஆயா சொல்லி அனுப்புச்சு. போட்டேன். அந்தக் கார்டையே பிரிச்சுப் பார்ப்போமா?

‘நல்லபடியா வந்துட்டேன்’ங்கிற சேதி, அப்ளிகேஷன். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. போஸ்ட்மேன் அண்ணன் வாசலில் நின்னு படிச்சுச் சொல்வார். அது பிரசென்டேஷன். ‘நலம், நலமறிய ஆவல்’னு ஆரம்பிச்சு ‘இப்படிக்கு’னு முடிக்கிறது செஷன். சேர்ந்ததானு கேட்காத சாதா கார்டா, ஒப்புகை அட்டையோட பதிவுத் தபாலா? இது டிரான்ஸ்போர்ட். யூ.டி.பி.க்கும் டி.சி.பி.க்கும் வித்தியாசம் இவ்வளவுதான். பின்கோடு நெட்வொர்க். ஒரு ஆபீஸிலிருந்து அடுத்த ஆபீஸுக்குக் கட்டி சீல் வைக்கிற பை, டேட்டா லிங்க். பையைச் சுமக்கிற பஸ்ஸும் ரயிலும் பிசிக்கல்.

அந்தக் காலத்தில் பிசிக்கல் லேயர் மனுஷக் கால்தான். தபால் ஓட்டக்காரர், சலங்கை கட்டின ஈட்டியோட சில மைல் ஓடிப் பையை அடுத்தவர்கிட்ட கொடுப்பார். உள்ளே இருப்பது கல்யாணச் சேதியா, சாவுச் சேதியா? அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 1854-ல் தூரத்தைப் பார்க்காம எடைக்கு மட்டும் கட்டணம்னு ஆச்சு. அப்புறம் ரயில் வந்தது. 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. ‘நலம், நலமறிய ஆவல்’ மட்டும் மாறவே இல்லை! ஒரு லேயரை மாத்தினாலும் மத்தது அசையாது. லேயரிங்கோட சூட்சுமமே அதுதான். ஐ.எஸ்.ஓ. இந்த மாடலை வெளியிட்டது 1984-ல். நம்ம தபால் பை அதுக்கு ரொம்ப சீனியர்.

சரி, என் கார்டு என்ன ஆச்சு? எங்க ஊர் பின்கோடு 604601. திருவண்ணாமலைக்கு 606601. ஒரே ஒரு எண்ணை மாத்தி எழுதிட்டேன். கார்டு கிரிவலம் போயிட்டு, ஒன்பதாவது நாள் வீடு சேர்ந்தது. போட்டாச்சு, சேர்ந்தாச்சுனு நான் பாட்டுக்கு இருந்தேன். ஆயா அத்தனை நாளும் திண்ணையிலேயே உட்கார்ந்து போஸ்ட்மேனைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கு. தீபாவளிக்குப் போனப்போ திட்டலை. ‘சோறு தின்னியா இல்லியானு கூடத் தெரியலடா’னு மட்டும் சொல்லுச்சு. ஆறு லேயர் சரியா இருந்தும் பிரயோஜனமில்லை பாருங்க.

பதிவுத் தபாலே 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டோட சேர்ந்துடுச்சு. உங்க கையில் இப்போ இருக்கிறது டபுள் டிக். சேதி சேர்ந்ததுனு சொல்றதோட அதுக்கு வேலை முடிஞ்சது. ‘சாப்பிட்டியா?’னு வீட்டிலிருந்து வந்தா, ‘சாப்பிட்டேன்’னு பதில் போடுறது அப்ளிகேஷன் லேயர். அது உங்க வேலை, ஃப்ரெண்ட்ஸ்!