ஆயர் ஆடலும் வாவிக் கரையும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுவீதியில், கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அணைக்க அமைந்த ஊர் குருக்கள்மடம். ஞாயிறு எழும் பக்கமாகிய இக்கரையை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பாலுள்ள கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். 'பாதை' எனப்படும் மிதவை, இவ்வூரை எதிர்க்கரை அம்பிளாந்துறையோடு நெடுங்காலம் இணைத்து வந்துள்ளது. அக்கரை, வயல்களும் மாட்டுப் பட்டிகளும் நிறைந்தது. புகழ்பெற்ற மட்டக்களப்புத் தயிர் இத்தகைய பட்டிகளின் பயனே.

மாட்டைச் செல்வமாகப் போற்றும் மாந்தர் பல நாடுகளிலும் உளர். தென் சூடானில் வாழும் டிங்கா மக்கள் ஆடும்போது இரு கைகளையும் தலைக்கு மேலே வளைத்து உயர்த்துவர். அது அவர்தம் நெடுங்கொம்பு மாட்டின் தோற்றமாகும். கென்யா, தன்சானியா நாடுகளின் மாசாய் இளைஞரோ வட்டமாய் நிற்க, ஓரிருவர் நடுவே வந்து, உடல் வளையாது உயரக் குதித்து ஆடுவர்.

தமிழருக்கும் இஃது அயலானதன்று. 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்பது ஒரு பொருள். சிலப்பதிகாரத்தில் வரும் ஆய்ச்சியர் குரவையை நினைவிற் கொள்க. குடத்துப் பால் உறையவில்லை. ஏற்றின் கண்கள் நீர் சொரிந்தன. ஆக்களின் மணிகள் அற்று வீழ்ந்தன. தீங்கு வருமென அஞ்சிய மாதரி, கறவையும் கன்றும் துயர் நீங்கும் பொருட்டுக் குரவை ஆடுவித்தாள். எழுவர் கன்னியர் ஏழிசையின் பெயர் பூண்டு கைகோத்து ஆட, கண்ணகி அதனைக் கண்டாள். அக்குரவையின் இசை நுட்பத்தை, 1947இல் வெளிவந்த 'யாழ் நூலில்' ஆராய்ந்தவர், இதே கரையில் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள்.

அந்தக் கண்ணகிக்கு இவ்வட்டாரத்துக் கோயில்கள் வைகாசியில் விழா எடுக்கின்றன. கோயில் வீதிகளில் சிறுவர் கோலேந்தி வட்டமிட்டு 'வசந்தன்' ஆடும் மரபும் உண்டு. குரவை வேறு, வசந்தன் வேறு. ஆயினும் ஊர் கூடி வட்டமாய் ஆடி நலம் வேண்டும் உள்ளம் இரண்டிற்கும் பொது. தி. சதாசிவ ஐயர் வசந்தன் பாடல்களைத் தொகுக்க, 1940இல் அவை நூலாக வெளிவந்தன.

நூல் பாட்டைக் காக்கும். ஆடலைக் காக்க வேண்டியது மக்களின் வாழ்க்கையன்றோ? மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகள் பறிபோகின்றன என்று, 2023 செப்டெம்பரில் கால்நடை வளர்ப்போர் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினர். மேய்ச்சல் நிலம் அற்றுப்போனால் பட்டியும் கலையும். பட்டியோடு பிறந்த சொல்லும் பாட்டும் பொருள் இழக்கும். ஆதலின் மாணவர்கள் வைகாசி விழாவில் வசந்தனைக் கண்டு மகிழ்வதோடு, வாவியைக் கடந்து படுவான்கரைப் பட்டிகளையும் பார்த்து வருதல் நன்று.