‘மாறின’ என்பதை ‘மாற்றினார்’ ஆக்கினேன்

விமான விபத்துச் செய்தி வந்தால் தலைப்பை என்னிடம் விட்டுவிடுவார்கள். நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியன் நான். ஏஜென்சியிலிருந்து ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கி, தலைப்பிட்டு, அச்சுக்கும் இணையதளத்துக்கும் அனுப்புவது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் உண்டு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தெரியாமல் செய்த பிழைகளுக்கு இதில் இடமில்லை. தெரிந்தே செய்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

2024 அக்டோபர் 11, மாலை. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே சுமார் 140 பயணிகள். தொலைதூரப் பயணத்துக்கு நிரப்பிய எரிபொருளோடு அப்படியே இறங்கினால் எடை அதிகம். ஓடுபாதையின் நீளத்தையும் பார்க்க வேண்டும். போயிங் 737 ரக விமானத்தில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது, பறந்துதான் தீர்க்க வேண்டும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்து, எடையைக் குறைத்து, இரவு எட்டேகால் வாக்கில் திருச்சியிலேயே பத்திரமாக இறக்கினார்கள். விமானிகள் அவசரநிலை எதையும் அறிவிக்கவில்லை என்று பிறகு நிறுவனம் விளக்கம் கொடுத்தது.

எதற்காகச் சுற்றுகிறார்கள் என்பது விமானம் வானில் இருக்கும்போதே எனக்குத் தெரியும். இருந்தும் நான் ஏற்றிய தலைப்பு இது: ‘நடுவானில் தத்தளிக்கும் விமானம், திக் திக் நிமிடங்கள், பயணிகள் அலறல்’. தத்தளிப்பது நீரில் மூழ்குகிறவன் செய்வது. இங்கே இரண்டு பேர் கணக்குப் போட்டு நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ‘அலறல்’ எங்கிருந்து வந்தது? பறக்கும் விமானத்துக்குள்ளிருந்து எங்கள் நிருபரிடம் யாரும் பேசியிருக்க முடியாது. அது என் மேசையில் பிறந்த அலறல். பயணிகளின் வீட்டார் அந்நேரம் கைபேசியில் இதைத்தான் படித்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பும் வந்தது. தள்ளிவிட்டேன். சற்று நேரத்தில் அந்தச் செய்திதான் எங்கள் தளத்தில் முதலிடத்தில் இருந்தது.

அடுத்த மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயல். சென்னையில் ஒரு விமானம் ஓடுபாதையை நெருங்கி, பக்கவாட்டுக் காற்றில் ஆடி, இறங்காமல் மறுபடி மேலேறிய காணொளி ஊரெங்கும் பரவியது. விமானிகள் இதை கோ-அரவுண்ட் என்பார்கள். இறங்குவதற்குச் சூழல் சரியில்லை என்றால் முயற்சியைக் கைவிட்டு மேலே போய், சுற்றிவந்து மறுபடி முயல்வது. பயிற்சியிலேயே இருக்கும் பாடம். நான் வைத்த தலைப்பு ‘மயிரிழையில் தப்பியது’.

கோ-அரவுண்ட் என்ற சொல்லின் விலை என்ன என்று அறியாதவனல்ல நான். 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். விசாரணை அறிக்கையைப் படித்திருக்கிறேன். கோ-அரவுண்ட் செய்யலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேப்டன் இறங்குவதிலேயே குறியாக இருந்தார் என்கிறது அது. மங்களூரில் செய்யாமல் விட்டதால் 158 உயிர் போயிற்று. அதையே சென்னையில் ஒருவர் சரியாகச் செய்தபோது பாராட்ட வேண்டிய நான் பீதியைக் கிளப்பினேன். மேலேறுவது அவமானம், எப்படியாவது இறக்கிவிடுவதுதான் சாமர்த்தியம் என்ற எண்ணத்தை இப்படிப்பட்ட தலைப்புகள் ஊரில் விதைக்கின்றன. விமானிகளும் அந்த ஊரில்தான் வாழ்கிறார்கள்.

இவை சில்லறைக் குற்றங்கள். பெரிய குற்றம் அகமதாபாத்.

2025 ஜூன் 12 அன்று லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா 171, மேலெழுந்த அரை நிமிடத்தில் மருத்துவக் கல்லூரி விடுதி மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் 19 பேரும் மாண்டார்கள். பிழைத்தவர் ஒருவர். அவருடைய இருக்கை எண்ணை வைத்து ‘அதிர்ஷ்ட சீட் 11ஏ மர்மம்’ என்று ஒரு துணைச் செய்தி போட்டேன். அதே விமானத்தில் உடன்பிறந்தவரைப் பறிகொடுத்த மனிதருக்கு நான் சூட்டிய பட்டம் அதிர்ஷ்டசாலி.

ஜூலை 12 அதிகாலையில் விமான விபத்து விசாரணைப் பிரிவின் முதற்கட்ட அறிக்கை வெளியானது. புறப்பட்ட சில நொடிகளில் இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ‘ரன்’ நிலையிலிருந்து ‘கட்ஆஃப்’ நிலைக்கு மாறின. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்கிறார்; நான் செய்யவில்லை என்கிறார் மற்றவர். பத்து நொடி கழித்து முதல் சுவிட்சும், அடுத்த நான்கு நொடியில் இரண்டாவதும் பழைய நிலைக்குத் திரும்பின. நேரம் போதவில்லை. கேட்டவர் யார், பதில் சொன்னவர் யார் என்று அறிக்கை சொல்லவில்லை. எப்படி மாறின என்றும் சொல்லவில்லை.

ஆங்கில அறிக்கையை எழுதியவர்கள் எழுவாயாக வைத்தது சுவிட்சுகளை. மனிதர் யாரையும் வைக்கவில்லை. தமிழுக்கு இது கைவந்த கலை. ‘மாறின’ என்றால் தன்வினை, ‘மாற்றினார்’ என்றால் பிறவினை என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். நான் தமிழ் இலக்கியம் படித்தவன் வேறு. அந்த அதிகாலையில் ‘மாறின’ என்று ஒருமுறை தட்டச்சு செய்து, சப்பென்று இருக்கிறதே என்று அழித்தேன். பிறகு வந்தது இந்தத் தலைப்பு: ‘எரிபொருளை நிறுத்திய விமானி, கறுப்புப் பெட்டியில் பகீர் உரையாடல்’. விசாரணையாளர்கள் ஒரு மாதம் உழைத்தும் எழுதத் துணியாத எழுவாயை நான் ஒரு நிமிடத்தில் எழுதினேன்.

மறுநாள் இன்னும் கீழே இறங்கினேன். ‘விமானி தற்கொலையா?’ என்று போட்டேன். கடைசியில் ஒரு ‘ஆ’ சேர்த்துவிட்டால் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது எங்கள் தொழிலில் பழகிப்போன தைரியம். வழக்கு வந்தால் கேள்விதான் கேட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளே ‘கூறப்படுகிறது’ என்று முடித்துவிட்டால் யார் கூறினார் என்ற கேள்வியும் எழாது. படிக்கிறவர் மனதில் ‘ஆ’ தங்குவதில்லை, தற்கொலை மட்டும் தங்குகிறது என்பதை அறிந்துதான் போட்டேன்.

சில நாளில் விசாரணைப் பிரிவே அவசர முடிவுகளைப் பரப்ப வேண்டாம் என்று ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டியும் இப்படிப்பட்ட செய்திகளை அவசரத்தில் எழுந்த ஊகங்கள் என்று கண்டித்தார். இரண்டையும் நான்தான் மொழிபெயர்த்தேன். உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக வந்தது. அந்த ஆண்டு நவம்பரில், அகமதாபாத் விமானத்தின் கேப்டனுடைய முதிய தந்தை தொடுத்த மனு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. உங்கள் மகனை யாரும் குறை சொல்ல முடியாது, அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம் என்று நீதிபதிகள் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்தப் பாரத்தை ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

விசாரணை முடிவில் விமானி மீதே தவறு என்று தெரியவந்தால்? மங்களூரில் அப்படித்தான் ஆனது. அப்போதும் என் தலைப்பு சரியாகிவிடாது. சான்று இல்லாமல் தீர்ப்பு எழுதியவன், தீர்ப்பு தற்செயலாகப் பொருந்திவிட்டதால் யோக்கியனாகிவிட மாட்டான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆவது இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது, யார் மீதும் பழி சுமத்துவதல்ல என்கிறது. விசாரிக்கிறவர்களுக்கே இல்லாத அதிகாரத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன்.

சாக்குகள் என்னிடம் நிறைய உண்டு. போட்டித் தளங்கள் முந்திவிடும், வாசகர்கள் இதைத்தான் கேட்கிறார்கள், மேலிடத்து அழுத்தம். மூன்றுமே பொய். எந்த ஆசிரியரும் என்னிடம் ‘அலறல்’ சேர்க்கச் சொன்னதில்லை. வாசகர் யாரும் கடிதம் போட்டு ‘பகீர்’ கேட்டதில்லை. எண்ணிக்கை ஏறும்போது வருகிற போதை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விபத்தன்று தலைப்பில் ஒருவர் மீது குற்றம் இருந்தால், அதை யார் சொன்னது என்று செய்திக்குள் தேடுங்கள். பெயரோ அமைப்போ இல்லாமல் ‘கூறப்படுகிறது’ மட்டும் இருந்தால், என்னைப் போன்ற ஒருவன் இட்டுக்கட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள்.